இறந்தவரின் கைபேசிக்கு வரும் ஓடிபி: வங்கிக் கணக்கில் வாரிசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே அவருடைய கைபேசி யாரோ ஒருவர் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. நெட்பேங்கிங் பாஸ்வேர்டு மகளுக்குத் தெரியும், ஓடிபியும் அந்தக் கைபேசிக்கே வரும். ஆகவே மருத்துவமனைப் பாக்கிக்கும் காரியச் செலவுக்கும் அப்பாவின் கணக்கிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்வது தவறென்று எவருக்கும் தோன்றுவதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பாஸ்வேர்டு என்பது வங்கி அவருக்கு மட்டும் தந்த அனுமதி. அது வாரிசுகளுக்கு இறங்கும் சொத்து அன்று. உயிரோடிருந்தபோது அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் இறப்போடு செல்லாததாகிவிடும். பணமோ, உயிலில் கண்டவர்களுக்கு, உயில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. இறந்த தேதிக்குப் பிந்தைய ஒவ்வொரு பரிமாற்றமும் கணக்கு அறிக்கையில் அழியாமல் நிற்பதால், பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வரும்போது, உண்மையிலேயே மருத்துவமனையில் கட்டிய தொகைக்கும் கணக்குக் கேட்கப்படும். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால், பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. செலவைக் கைப்பணத்தில் செய்து ரசீதைப் பத்திரப்படுத்தினால், பாகம் பிரிக்கும்போது கழித்துக்கொள்ளலாம். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் இயங்கும் கூட்டுக் கணக்கில் மட்டும், மற்றவர் தம் சொந்த உரிமையிலேயே பணம் எடுக்க முடியும்.

நாமினியாகப் பெயர் இருப்பவர் பணம் முழுவதும் தமக்கே என்று நினைப்பது அடுத்த தவறு. வங்கியிடமிருந்து தொகையைப் பெறத்தான் நாமினிக்கு உரிமை உண்டு, உடைமையாளர் அவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு 4 பேர் வரை நியமித்து ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதவும் வழி வந்திருக்கிறது; அந்தச் சதவீதத்தைப் பாகப்பிரிவினையாகவே எடுத்துக்கொள்ளும் குழப்பம் இனிமேல் கூடும் என்றுதான் தோன்றுகிறது.

கணக்கு முடங்கிவிடுமே என்று அஞ்சி, இறப்பை வங்கிக்குச் சொல்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோரும் உண்டு. அதற்குள் தானியங்கித் தவணைகளும் சந்தாக்களும் கழிந்துகொண்டே இருக்கும். இறந்த பிறகு வரவான ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். நாமினி இல்லாவிட்டால் நீதிமன்றப் படி ஏறித்தான் ஆக வேண்டும் என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, உயிலோ தகராறோ இல்லாதபோது, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதித் தருவது), மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தரும் விடுதலைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டே தீர்த்துவைக்கலாம். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த 15 நாளுக்குள் வங்கி முடித்துத்தர வேண்டும்.

நெட்பேங்கிங்கில் போட்ட வைப்புகளுக்குப் பீரோவில் ரசீது கிடைக்காது. ஆகவே கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவருடைய வாடிக்கையாளர் எண்ணின் கீழுள்ள அத்தனை கணக்குகள், வைப்புகள், பெட்டக விவரங்களையும் கேட்டுப் பெற வேண்டும். கேட்பாரற்ற வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி நடத்தும் உத்கம் இணையதளத்தில் தேடுவது இங்கே உதவாது. 10 ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைகளே அதில் தென்படும். கணக்கு அறிக்கை கைக்கு வந்ததும், மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டின் பிரீமியமாக இருந்து, இறந்தவர் 55 வயதுக்கு உட்பட்டவராகவும் இருந்தால், 2 லட்சம் ரூபாய் கோரிக்கை ஒன்று அந்த வரியில் ஒளிந்திருக்கிறது. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடாக இருக்கக்கூடும்.

சிம் கார்டை அவசரப்பட்டு ஒப்படைப்பதும், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவதும் கடைசித் தவறு. 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குப் போகலாம். அப்போது அவருடைய கணக்கைப் பற்றிய குறுஞ்செய்திகளெல்லாம் முகம் தெரியாத ஒருவர் கைபேசியில் வந்து விழும். எல்லாக் கணக்குகளும் முடிக்கப்பட்டதற்கான கடிதம் வங்கியிலிருந்து வரும்வரை, பணம் மாற்றுவதற்காக அல்லாமல் காவலுக்காக மட்டும், அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.