கை சொன்னபடி கேக்காத குழந்தை தன் மனசுல இருக்கிறதை சொல்ல எப்படி உதவலாம்

செரிப்ரல் பால்சி மாதிரி காரணத்தால கை கால் அசைவு கட்டுப்பாட்டுல இல்லாம, வாயால பேசவும் கஷ்டப்படுற குழந்தைக்கு, படத்தை தொட்டு பேசட்டும்னு ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை வாங்கி முன்னாடி வச்சிட்டு, தொடமாட்டேங்குது, அதுக்கு புரியலை போலன்னு சிலர் முடிவு கட்டிடுறாங்க. கேக்கவே மனசு வலிக்குது. பல நேரம் குழந்தைக்கு நல்லாவே புரியும், விரல்தான் அந்த இடத்துக்கு போய் சேராது.

மொதல்ல உக்கார்ற விதத்தை சரி பண்ணுங்க. இடுப்பு நாற்காலியோட ஒட்டி, ரெண்டு பாதமும் ஊனி, தலைக்கு சப்போர்ட் இருக்கணும், அன்றாட வேலைகளை செய்ய பழக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதுக்கு உதவுவாங்க. விழாம இருக்கவே பலமெல்லாம் செலவாயிட்டா பேச என்ன மிஞ்சும்?

அப்புறம் ஒரு வாரம் சும்மா கவனிங்க, களைச்சு போகாம திரும்ப திரும்ப செய்ய முடியிற அசைவு எது? தலையை சாய்க்கிறதா, முட்டியா, கண்ணா? உடம்பு அசையாம, பேச முடியாம போன விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் பல வருஷம் கன்னத்து தசையை அசைச்சே எழுதினார், மூக்குக்கண்ணாடில மாட்டின சென்சார் அந்த அசைவை புடிச்சுக்கும். ஒரு அசைவு கிடைச்சா போதும், அந்த இடத்துல டேப்லெட்டோட இணைச்ச ஒரு சுவிட்ச் வச்சிடலாம். ஸ்க்ரீன்ல படங்கள் ஒவ்வொண்ணா ஒளிர்ந்துட்டே வரும், வேணுங்கிறது வந்ததும் அழுத்தணும். ஐபேடுல சுவிட்ச் கன்ட்ரோல்னு இது உள்ளயே இருக்கு, ஆண்ட்ராய்டுல சுவிட்ச் ஆக்சஸ்னு ஒரு ஆப் இருக்கு. கை தானா ஆடி தப்பா அழுத்திடுதுன்னா, கொஞ்ச நேரம் அழுத்தி பிடிச்சாத்தான் ஏத்துக்கிற மாதிரி செட்டிங்கை மாத்துங்க.

கண்தான் நல்லா வேலை செய்யுதுன்னா கண் பார்வையை வச்சு இயங்குற விலை கூடின கருவிக்கு ஓடுறதுக்கு முன்னாடி, அந்தப்பக்கம் தெரியிற ஒரு பிளாஸ்டிக் அட்டையோட மூலைகள்ல படம் ஒட்டி, அதுக்கு அந்தப்பக்கம் நீங்க உக்காந்து குழந்தை எங்க பாக்குதுன்னு பாருங்க. சார்ஜ் தீந்தாலும் இது வேலை செய்யும்.

படமா வைக்கிற வார்த்தைன்னா பசி, பாத்ரூம் மட்டும் போதாதுங்க. "வேண்டாம்", "இன்னும்", "புடிக்கலை", "நிறுத்து", "நான் நினைக்கிறது இதுல இல்லை" எல்லாம் கண்டிப்பா வேணும். பந்து எங்க காட்டுன்னு பரீட்சை வைக்காதீங்க, நீங்களே அந்த படங்களை தொட்டு தொட்டு பேசுங்க, நாள் பூரா. கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, தேவைப்பட்டா இன்னும் காத்திருங்க, அசைவை திரட்ட அதுக்கு அவ்ளோ நேரம் ஆகும். கருவி குடுத்தா வாய்ப்பேச்சு நின்னுடும்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகிறதில்லை.

"நிறுத்து"ன்னு அழுத்தினா, நீங்க என்ன செஞ்சிட்டிருந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்துங்க.