அட்வான்ஸில் கழிந்த வாடகை

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கால் நாகர்கோவிலில் என் தையல் கடை பூட்டிக் கிடந்தது. கையில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த 1,000 ரூபாய். வீட்டு வாடகை 4,500. ஒளிந்து திரியாமல் வீட்டுக்காரரிடம் போனேன். “அண்ணாச்சி, அட்வான்ஸ் 30,000 உங்க கையிலதானே இருக்கு. மூணு மாசம் அதுல கழிச்சுக்கிடுங்க, கடை திறந்ததும் மாசம் ஆயிரமா நிரப்பிடுதேன்.” “சரி, எழுதிக்கிடுவோம்” என்றார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம்.

மெஷின் கடன் தவணையை ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழிவிட்டிருந்தது. வட்டி ஓடிக்கொண்டே இருக்குமே! அதனால் இரண்டு தவணையை மட்டும் தள்ளிப்போட்டேன். அப்புறம் மாஸ்க் தைத்துச் சமாளித்தேன். நடுவில் இரண்டாவது ஊரடங்கு வேறு. அட்வான்ஸ் நிரம்ப 2021 கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.