வால்பேப்பர் மாற மறுக்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புதுப் படம் வைத்தாலும் பழையதே நிற்கிறது, அல்லது வெறும் கறுப்புத் திரை தெரிகிறது. இதற்காக விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்புவதுதான் பெரிய தவறு. பெரும்பாலும் ஏதோ ஒரு செட்டிங் குறுக்கே நிற்கும். எது என்பதைத் திரையில் தெரியும் அறிகுறியே சொல்லிவிடும்.

பர்சனலைசேஷன் பக்கம் மங்கலாகி, கிளிக் செய்ய முடியாமல் இருந்தால் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. பக்கத்தின் மேலே உள்ள வரியைப் படியுங்கள். விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொன்னால் அதுவே காரணம். ஆக்டிவேட் செய்யும் வரை, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் படத்தை ரைட் கிளிக் செய்து ‘செட் அஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ கொடுத்தால் வழக்கமாக மாறிவிடும். உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று வந்தால் அது குரூப் பாலிசி (கணினியில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று நிர்வாகி வைக்கும் விதிகள்) போட்ட தடை. அலுவலகக் கணினியில் இதற்காக ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடம்) தோண்டாதீர்கள். பாலிசி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது தடை திரும்ப வந்துவிடும். ஐடி பிரிவிடம் கேளுங்கள். சொந்தக் கணினி என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், கண்ட்ரோல் பேனல், பர்சனலைசேஷன் என்று போய், ‘ப்ரிவென்ட் சேஞ்சிங் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ என்பதை ‘நாட் கான்ஃபிகர்டு’ ஆக்குங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைக் குறை சொல்லும் முன் அணுகல்தன்மை செட்டிங்கைப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது. கண்ட்ரோல் பேனலின் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் சென்டரில், கணினியைப் பார்க்க எளிதாக்கும் பகுதியில், ‘ரிமூவ் பேக்ரவுண்ட் இமேஜஸ்’ டிக் ஆகியிருந்தால் எந்தப் படமும் வராது. எழுத்தும் பின்னணியும் பளிச்சென வேறுபடும் ஹை கான்ட்ராஸ்ட் தீமும் படத்தை மறைக்கும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் மூன்றும் தெரியாமல் ஒன்றாக அழுந்தினாலே அதை இயக்கவா என்று கேட்கும். யோசிக்காமல் ‘எஸ்’ கொடுத்திருக்கலாம்.

செட்டிங்ஸ் எல்லாம் சரி, படம் மட்டும் பழையது என்றால் கெட்டுப்போன நகல் மீது சந்தேகம் கொள்ளலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த படத்தை விண்டோஸ் நேரடியாகக் காட்டுவதில்லை. ‘டிரான்ஸ்கோடட் வால்பேப்பர்’ என்ற பெயரில் ஒரு நகல் எடுத்து அதைத்தான் காட்டுகிறது. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்துவிட்டு, சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். எக்ஸ்டென்ஷன் (பெயரின் முடிவில் வரும் .jpg போன்ற வால்) இல்லாத அந்த ‘டிரான்ஸ்கோடட் வால்பேப்பர்’ ஃபைலை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். அங்கேயே உள்ள ‘கேஷ்டு ஃபைல்ஸ்’ ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து, படத்தை மறுபடி வையுங்கள். தீம்ஸ் ஃபோல்டரையே மொத்தமாக அழிப்பது தேவையற்ற ஆபத்து.

ஸ்லைடுஷோ லேப்டாப்பில் மட்டும் நின்றுபோனால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், டெஸ்க்டாப் பேக்ரவுண்ட் செட்டிங்ஸின் கீழ், ஸ்லைடுஷோ ‘பாஸ்டு’ என்றிருக்கும், ‘அவைலபிள்’ ஆக்குங்கள். படங்கள் பென் டிரைவில் இருந்து, அதைக் கழற்றிவிட்டாலும் புதுப் படம் வராது.

மாறிய படம் சற்று நேரத்தில் பழையதாகத் திரும்பினால் வேறொன்று அதை மாற்றுகிறது. தினமும் படம் மாற்றும் வால்பேப்பர் செயலி, மைக்ரோசாஃப்ட் அனுப்பும் படங்களைத் தானாக மாற்றிக் காட்டும் விண்டோஸ் ஸ்பாட்லைட், இன்னொரு கணினியிலிருந்து தீமைக் கொண்டுவரும் அக்கவுன்ட் சிங்க் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

இணையத்தில் இறக்கிய வெப்பி (WebP) வகைப் படம் வால்பேப்பராக அமையாவிட்டால், அதன் எக்ஸ்டென்ஷனை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் ஃபார்மட் மாறாது. பெயின்டில் திறந்து, ‘சேவ் அஸ்’ வழியாக ஜேபிஜியாகச் சேமித்து வையுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறிடத்தில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி) மட்டும் படம் வரவில்லை என்றால் அங்குள்ள கணினியில் எதையும் தொட வேண்டாம். இணைக்கும் முன் ரிமோட் டெஸ்க்டாப் விண்டோவின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ தாவலில் ‘டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ டிக் செய்தால் போதும்.