இதய ஆபத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை: ரீயூனியனில் நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரியிலிருந்து மாமா போனில் தன் எல்டிஎல் 110 என்கிறார். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன் தெனியில் இருக்கும் மருமகன் தன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு வெறும் 1.60 தான் மாமா" என்று நிம்மதியாகிறார். இரண்டும் அதே கெட்ட கொலஸ்ட்ரால்தான், அளக்கும் அலகுதான் வேறு. ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள். இங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு எண்ணும், பக்கத்திலேயே மில்லிமோல் கணக்கில் இன்னொன்றும் இருக்கும். கிராம் கணக்கை நூறால் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். ஆக, மருமகனுக்கு 160. மில்லிமோலில் அதுவே 4.1. போன தடவை ஒரு எண்ணையும் இந்தத் தடவை மற்றதையும் படித்துவிட்டு, "திடீரென்று ஏறிவிட்டதே" என்று பதறுபவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பை நம் இலக்கு என்று எடுத்துக்கொள்வது. அது யாரென்றே தெரியாதவருக்கும் பொதுவாகப் போட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைந்தவருக்கு எல்டிஎல் 1.16 கிராமுக்குக் கீழே இருந்தால் போதும். மாரடைப்பு வந்தவருக்கோ 0.55-க்குக் கீழே போக வேண்டும். ஒரே 1.10 ஒருவருக்கு நல்ல செய்தி, ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டிய காரணம். வயது, பிபி, சர்க்கரை, சிகரெட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் கணக்குப் போடுவார். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்ததா என்பது எந்த லேபுக்கும் தெரியாது, நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிக் குடும்பத்தில் இருந்தால் லிப்போபுரோட்டீன் ஏ, அதாவது Lp(a), என்ற பரிசோதனையையும் கேளுங்கள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் அவ்வளவாக மாறாது. பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

அப்புறம், காவடிக்குப் பத்து நாள் மரக்கறி விரதம் இருந்துவிட்டு, முடிந்த கையோடு லேபுக்குப் போவது. எண் கொஞ்சம் அழகாகத் தெரியலாம். ஆனால் வருடம் முழுக்க ரூகாய் சொசீஸ் (தக்காளியில் சமைத்த சாசேஜ்) சாப்பிடும் உடம்பின் கணக்கு அது இல்லையே! மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c பரிசோதனையை மட்டும் இப்படி ஏமாற்ற முடியாது. தீபாவளி விருந்துக்கும் ரம்முக்கும் மறுநாள் காலை போவதும் இதே மாதிரிதான், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறி நிற்கும். அது லிட்டருக்கு 4 கிராமைத் தாண்டினால் வழக்கமான சூத்திரத்தால் எல்டிஎல்லைக் கணக்கிட முடியாது. அந்த இடம் காலியாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம். "ஒரு வாய் பால் டீதானே" என்பதும் சாப்பிட்ட கணக்கில்தான் சேரும். கொலஸ்ட்ராலுக்கு மட்டும் என்றால் இப்போது பல நாடுகளில் பட்டினி கேட்பதில்லை. ஆனாலும் லேப் 12 மணி நேரம் என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை "உண்மையான அளவு தெரியட்டும்" என்று நாமாக நிறுத்துவது வேண்டாத வேலை. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே ரத்தமே எடுக்கிறார்கள்?

காய்ச்சல் நேரத்திலும் எடுக்க வேண்டாம். சிக்குன்குனியாவோ ஃப்ளூவோ வந்தால் கொலஸ்ட்ரால் தற்காலிகமாக இறங்கும், உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறும். இரண்டுமே இதயத்தைப் பற்றித் தவறாகச் சொல்லும். சில வாரம் பொறுத்துப் போகலாம்.

நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மட்டும் பொறுக்கவே கூடாது. விடியட்டும், லேப் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். போன மாதம் கொலஸ்ட்ரால் நன்றாக இருந்தது என்பதும் அப்போது செல்லாது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினை மருத்துவமனையில், ஈசிஜியோடு சேர்த்து, தேவைப்பட்டால் சில மணி நேர இடைவெளியில் திரும்பவும் பார்ப்பார்கள். அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழையுங்கள், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.