மூச்சு வாங்கும்போது எப்படி உட்காருவது, எப்படிப் படுப்பது

ஒருவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் "கொஞ்சம் படுங்க, சரியாயிடும்" என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நுரையீரல் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு மல்லாந்து தட்டையாகப் படுப்பதைவிடக் கஷ்டமான நிலை வேறில்லை. நான் நுரையீரல் வார்டில் செவிலியர். ஷிஃப்ட் தொடங்கியதும் கட்டில் கட்டிலாகப் போய், யார் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மானிட்டர் பக்கமே திரும்புவேன். கட்டிலில் சரிந்து கிடக்கிறவரை மேலே இழுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாலே ஆக்சிஜன் அளவு இரண்டு மூன்று புள்ளி ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்தோ செலவோ இல்லாத வேலை இது. வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடல் நிலையை மாற்றுவது ஆக்சிஜனுக்கும் மருத்துவருக்கும் மாற்று ஆகாது. உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் இடையில் மூச்சு இழுப்பது, குழப்பமாகப் பேசுவது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிவது, நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடுவது, நெஞ்சு வலி என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தலையணை தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் அளவு 90-க்குக் கீழே நின்றாலும் அதேதான். 90-க்கும் 94-க்கும் நடுவில் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் சுருங்கி, காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ள சிலருக்கு மட்டும் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அவர்களுக்கு அந்தக் கணக்குதான்.

மல்லாந்து படுத்தால் ஏன் சிரமம்? நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. இதயம் முன்னால், சற்று இடப்பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்ததும் இதயத்தின் எடை கீழே இருக்கும் நுரையீரல் மேல் விழுகிறது. வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையை, நெஞ்சுக்குள் தள்ளுகின்றன. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே, மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்று அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைந்துவிடும். நிமோனியா வந்த நுரையீரல் நீர் ஊறிய பஞ்சு மாதிரி கனமாகவும் இருக்கும். அதன் எடையே அடியில் இருக்கும் பகுதியை நசுக்கி, அங்குள்ள சின்னக் காற்றுப் பைகளை மூடிவிடும். ரத்தமோ புவியீர்ப்பால் அந்த அடிப்பகுதிக்குத்தான் அதிகம் போகிறது. காற்று இல்லாத இடத்துக்குப் போன ரத்தம் ஆக்சிஜன் வாங்காமலே திரும்பி வருகிறது. ஆக்சிமீட்டரில் எண் இறங்குவது இதனால்தான்.

சரி, எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். விரல் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த விரலில் எண் தப்பாக வரும். நகப் பூச்சைத் துடைத்துவிடுங்கள். கையை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்து, எண் நிலையாக நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவிகள் உண்மை அளவிலிருந்து இரண்டு மூன்று புள்ளி கூடக் குறையக் காட்டலாம். கருமையான தோலில் சில சமயம் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அதனால் 93, 94 என்ற வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் 96 இருந்தவருக்கு மாலையில் 92 என்றால் கவனியுங்கள். நிலை மாற்றிய உடனே உடல் உழைப்பால் அளவு கொஞ்சம் இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் ஆளுக்குத் திணறல் கூடினால் பொறுக்க வேண்டாம், உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சாய்ந்து உட்காருவது

பெரும்பாலோருக்கு இதில்தான் தொடங்குவேன். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயரட்டும். திணறல் அதிகம் என்றால் இன்னும் நிமிர்த்தலாம். தலைக்கு மட்டும் மூன்று தலையணை அடுக்குவது உதவாது. கழுத்து முன்னால் மடிந்து, வயிறு நசுங்கி, மூச்சு இன்னும் அடைக்கும். இடுப்பிலிருந்தே சாய்மானம் தொடங்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் ஒன்று, முதுகுக்கு ஒன்று, தலைக்கு மெல்லியது ஒன்று வைத்தால் சரியாக இருக்கும். இரண்டு கைகளுக்கு அடியிலும் ஒவ்வொரு தலையணை கொடுங்கள். கையின் பாரத்தைத் தோள் சுமக்கவில்லை என்றால் மூச்சுக்கு உழைக்கும் தசைகள் ஓய்வெடுக்கும்.

எல்லோரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. சாய்த்து உட்கார வைத்த ஆள் அரைமணி நேரத்தில் சறுக்கி இறங்கிவிடுவார். இறங்கினால் தாடை நெஞ்சைத் தொடும், வயிறு மேலே ஏறும், பெயருக்குத்தான் சாய்மானம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை ஒன்றை வைத்தால் சறுக்கல் நிற்கும். அப்படியும் அடிக்கடி பார்த்து மேலே ஏற்றி உட்கார வைக்க வேண்டியிருக்கும். சாப்பிடும்போது நன்றாக நிமிர்ந்தே இருக்கட்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். புரை ஏறி உணவு நுரையீரலுக்குள் போவதைப் பெருமளவு தடுக்கலாம்.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு நன்றாக நிமிர்ந்து கால்களைத் தொங்கவிட்டு உட்காருவது நிம்மதி தரும். ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், காலும் வீங்கியிருக்கிறது என்றால் அதைத் தலையணையால் சமாளித்துக்கொண்டே போகாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முன்னால் குனிந்து உட்காருவது

சிஓபிடி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு வரும்போது இதுதான் கைகொடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளைத் தொடைமேல் வைத்து முன்னால் சாய வேண்டும். மேசை இருந்தால் அதன்மேல் தலையணை போட்டுக் கைகளையும் தலையையும் சாய்க்கலாம். நடக்கும்போது வந்தால் சுவரிலோ கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றிக் குனியலாம். கைகள் ஊன்றியதும் நெஞ்சுத் தசைகள் விலாவைத் தூக்கிவிட உதவும். காற்று தேங்கித் தட்டையாகிப்போன உதரவிதானம் குனியும்போது வயிற்று அழுத்தத்தால் மேலே குவிந்து, கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள்.

பல பெரியவர்கள் யாரும் சொல்லித்தராமலே இப்படி உட்காருவார்கள். "சிஸ்டர், இப்படி இருந்தாத்தான் எனக்கு மூச்சு வருது" என்று ஒருவர் சொன்னால் அவரை நிமிர்த்தவோ படுக்க வைக்கவோ முயலாதீர்கள். அவர் உடல் கண்டுபிடித்த நிலை அது. இந்த நோய்க்காரர்களைக் குப்புறப் படுக்க வைப்பதால் பெரிய பலனும் இல்லை.

ஒருக்களித்துப் படுப்பது

ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால், பெரியவர்களுக்கு நல்ல பக்கம் கீழே இருக்கும்படி படுப்பது பெரும்பாலும் நல்லது. கீழ்ப்பக்கத்துக்கு ரத்தம் அதிகம் போகும், அங்கே காற்றும் நன்றாகப் போய்வந்தால் ஆக்சிஜன் ஏறும். மேலே இருக்கும் நோய்ப்பட்ட பக்கத்திலிருந்து சளி இறங்கவும் வழி கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை முட்டுக் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று வைத்தால் நெடுநேரம் தாங்கும். எந்தப் பக்கம் என்று எக்ஸ்ரே பார்த்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு விலக்கு உண்டு. இருமலில் ரத்தம் வந்தாலோ நுரையீரலில் சீழ்க்கட்டி இருந்தாலோ நோய்ப்பட்ட பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தமும் சீழும் நல்ல பக்கத்துக்கு வழியும். கைக்குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வீட்டில் குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், குப்புறப் போடவே கூடாது.

குப்புறப் படுப்பது

2020, 2021 கொரோனா காலத்தில்தான் இது வீடுவீடாகத் தெரிந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1970-களிலிருந்தே பேசப்பட்டது. 2013-இல் வெளியான ஒரு ஆய்வு, பெரும்பாலும் பிரான்ஸ் மருத்துவமனைகளில் நடந்தது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த 466 பேரைப் பார்த்தார்கள். தினமும் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறப் படுக்க வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 33 சதவீதம். விழித்திருக்கும் கொரோனா நோயாளிகளிடம் ஆறு நாடுகளில் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், குப்புறப் படுத்தவர்களில் தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டியவர்கள் குறைந்தார்கள். இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பலன் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். கழுத்துக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்று, நெஞ்சிலிருந்து மேல்தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், காலுக்கு அடியில் இரண்டு. வயிறு அமுங்காமல் இருப்பது முக்கியம், அது நசுங்கினால் குப்புறப் படுத்தும் பயனில்லை. முகம் ஒரு பக்கம் திரும்பி இருக்கட்டும், அவ்வப்போது பக்கம் மாற்றுங்கள். ஆக்சிஜன் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் தொடங்கி, தாங்கினால் இரண்டு மணி நேரம் வரை விடலாம். அப்புறம் வலம், சாய்மானம், இடம், மறுபடி குப்புற என்று சுற்றலாம். காது, முழங்கால், தோள், இடுப்பு எலும்பு பட்ட இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கர்ப்பிணிகள், முதுகெலும்பிலோ இடுப்பிலோ தொடையிலோ முறிவு உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்து புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்கள், கடும் இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் நெஞ்சு அல்லது வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், மயங்கிய நிலையில் இருப்பவர்கள் ஆகியோரை வீட்டில் குப்புறப் படுக்க வைக்காதீர்கள். கர்ப்பிணிக்கு இடப்பக்கம் ஒருக்களித்துச் சாய்வது பொருத்தம். "முடியலப்பா, திருப்பிவிடு" என்று நோயாளி சொன்னால் எண் நன்றாக இருந்தாலும் திருப்பிவிடுங்கள். வற்புறுத்தினால் பதறி, வேகமாக மூச்சு வாங்கி, கிடைத்த பலனும் போய்விடும்.

மிக அரிதாகச் சிலருக்கு, முக்கியமாகக் கல்லீரல் முற்றிக் கெட்டுப்போன சிலருக்கு, உட்கார்ந்தால் அளவு இறங்கிப் படுத்தால் ஏறும். அப்படிக் கண்டால் ஆச்சரியப்பட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு தாளில் நேரம், நிலை, ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, அவர் எப்படி இருப்பதாகச் சொன்னார் என்று எழுதி வையுங்கள். ராத்திரி காவல் மாறும்போது அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடரலாம், மருத்துவரிடமும் அப்படியே நீட்டலாம்.