வைஃபை வேகம் படுத்துவிட்டதா? ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பிரித்து அமைக்கும் முறை

எங்கள் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ரவுட்டருக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து கைப்பேசியில் சோதித்தாலும் வேகம் 20ஐத் தாண்டவில்லை. இணைப்பு தந்தவர்களிடம் முறையிட்டேன். இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். நல்லவேளை, மாறும் முன் லேன் கேபிளை மடிக்கணினியில் நேராகச் செருகிப் பார்த்தேன், 95 வந்தது. கம்பியில் வருவது சரியாகத்தான் வருகிறது, வழியில் காற்றில்தான் தொலைகிறது. நீங்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கேபிளிலும் வேகம் இல்லையென்றால் கீழே உள்ள எதுவும் உதவாது.

என் கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4இன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5இன் அலைநீளம் அதில் பாதி. வேகம் அதிகம், ஆனால் இரண்டு ஒன்பதங்குலச் செங்கல் சுவரைக் கடப்பதற்குள் களைத்துவிடும். வைஃபை பெயரில் '5ஜி' என்று இருந்தால் அதைக் கைப்பேசி நிறுவனங்களின் 5ஜியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் உறவே இல்லை.

படி 1: ரவுட்டருக்குள் நுழைதல்

ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற அந்த முகவரியை பிரவுசரில் தட்டினால் உள்நுழையும் பக்கம் வரும். கைப்பேசியில் செய்வதாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சில நேரம் பக்கம் திறக்காது. மடிக்கணினியில் லேன் கேபிள் செருகிச் செய்வது இன்னும் நல்லது. பாதி வேலையில் வைஃபை அறுந்து தவிக்க வேண்டியிருக்காது.

கடவுச்சொல் பொருந்தவில்லையா? இணைப்புக் கொடுக்க வந்தவர் மாற்றியிருப்பார், அவரிடமே கேளுங்கள். பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை விட்டு 'ரீசெட்' மட்டும் செய்துவிடாதீர்கள். பல ஃபைபர் இணைப்புகளின் உள்நுழைவு விவரங்கள் ரவுட்டருக்குள்தான் பதிந்திருக்கும். அவை அழிந்தால், ஆள் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது.

படி 2: இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்

'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதிக்குப் போங்கள். எதையும் தொடும் முன் ஒவ்வொரு திரையையும் படம் எடுத்துவையுங்கள். 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது 'பேண்ட் ஸ்டீயரிங்' என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள். இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டி, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று ரவுட்டரே தள்ளிவிடும் ஏற்பாடு இது. நன்றாக வேலை செய்யும் ரவுட்டர்களும் உண்டு. எனக்கு வாய்த்தது அப்படியில்லை.

இனி 5 கிகாஹெர்ட்ஸுக்குப் புதுப் பெயர் கொடுங்கள். 2.4இன் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே விட்டுவிடுங்கள். இதைப் பலர் தலைகீழாகச் செய்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். ஸ்மார்ட் பிளக், பல்பு, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4இல் மட்டுமே இயங்கும். அதன் பெயரை மாற்றினால் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டியதுதான். பாதுகாப்புக்கு இரண்டிலும் குறைந்தது 'டபிள்யூபிஏ2' என்ற பூட்டு முறை இருக்கட்டும்.

படி 3: 2.4இல் சேனல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஒரு அலைவரிசைக்குள் பிரித்துவைத்த தனித்தனிப் பாதைகள்தான் சேனல்கள். இந்தியாவில் 2.4இல் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபையோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கிறது. அதனால் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11. 'பக்கத்து வீட்டுக்காரர்கள் 1இலும் 6இலும் இருக்கிறார்கள், நான் நடுவில் 3இல் இருந்துகொள்கிறேன்' என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு, அது முடியும்வரை காத்திருந்து பேசும். 3இல் இருப்பவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக இரைச்சல்தான் வந்து விழும். எனவே 1, 6, 11இல் எதில் கூட்டம் குறைவோ அதில் போய் உட்காருங்கள்.

கூட்டத்தை அறிய ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் செயலிகள் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு, எல்லோர் வீட்டிலும் படம் ஓடும் நேரத்தில் பாருங்கள். பகல் பதினொரு மணிக் கணக்கு ஏமாற்றும். 'சேனல் விட்த்' (சேனலின் அகலம்) என்ற இடத்தில் 20 என்று வையுங்கள். 40 என்றால் வேகம் இரட்டிக்கும் என்று தோன்றும். அடுக்ககத்தில் நெரிசல்தான் இரட்டிக்கும்.

இவ்வளவு செய்தும் சமையல் நேரத்தில் மட்டும் திணறினால், மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். அது வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான்.

படி 4: 5இல் சேனல்

இங்கே தலைவலி குறைவு. 2018 அக்டோபரில் இந்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. இடம் தாராளம். 36 அல்லது 149ஐத் தேர்ந்தெடுங்கள், விட்த் 80. 52 முதல் 144 வரை உள்ளவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். அவற்றில் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். இடையில் ரேடார் தென்பட்டால் சேனலை விட்டுவிடும். நாடு என்ற இடத்தில் இந்தியாவே இருக்கட்டும்.

படி 5: சேமித்துச் சரிபார்த்தல்

'சேவ்' அல்லது 'அப்ளை' அழுத்துங்கள். வைஃபை சிறிது நேரம் அறுந்து திரும்பும், பதற வேண்டாம். தொலைக்காட்சி, மடிக்கணினி, கூடத்தில் பயன்படுத்தும் கைப்பேசிகளைப் புதுப் பெயரில் இணைத்து, பழைய பெயரை அவற்றில் 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை பழக்கதோஷத்தில் 2.4க்கே ஓடும். விண்டோஸில் வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று தெரிந்தால் வேலை முடிந்தது.

எங்கள் கூடத்தில் இப்போது 90 வருகிறது. பின்னறையில் 5இன் சிக்னல் ஒரு கோடுதான். நடுவில் இரண்டு சுவரும் ஓர் இரும்பு பீரோவும் நிற்கின்றன. அம்மாவின் கைப்பேசியை அங்கே 2.4இலேயே விட்டிருக்கிறேன். தொடர் பார்க்கவும் பேரனோடு வீடியோவில் பேசவும் அது தடங்கலில்லாமல் போதுகிறது.