சிசி ஏற்றப் போய் எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

பழைய காரின் எஞ்சினைப் பிரித்தாயிற்று. எப்படியும் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரை, கடைந்து பெரிதாக்குவது) செய்யத்தான் வேண்டும். அதோடு சிசியையும் (எஞ்சினின் கொள்ளளவையும்) கொஞ்சம் ஏற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். யோசனையில் தப்பில்லை. ஆனால் கையில் பணம் குறைவாக இருக்கும்போது, அது பளபளக்கும் பாகங்களுக்கே கரைந்துபோய், அளப்பதற்கும் கடைசலுக்கும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கியவைதான்.

முதல் தவறை நானே செய்திருக்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டை முன்கூட்டியே வாங்கி வைத்தேன். பட்டறையில் அளந்தபோது ஒரு சிலிண்டரின் தேய்மானம் அந்த அரை மில்லிமீட்டருக்குள் அடங்கவில்லை. அந்த செட் இன்னும் டப்பாவைவிட்டு வெளியே வரவில்லை. முதலில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைக் கழுவி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அதன் பிறகுதான் பிஸ்டன். பிஸ்டன் வந்ததும் அதையும் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் செய்யச் சொல்லுங்கள். டப்பாவில் அச்சடித்த அளவை நம்பி போர் செய்ய விடாதீர்கள்.

போரை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பெரிதாக்கிக்கொண்டே போவது அடுத்தது. வார்க்கும்போது உள்அச்சு சற்று நகர்ந்திருந்தால், சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மீயொலிக் கருவியால் தடிமனை அளந்தால்தான் தெரியும். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் தவறும், ரிங் சரியாக அடைக்காது, ஆயில் எரியும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1,584 சிசி எஞ்சினில் 85.5 மி.மீ. சிலிண்டரை எடுத்துவிட்டு, பிளாக்கைக் கடையாமலே 88 மி.மீ. சிலிண்டரைச் செருகுவார்கள். சுவர் மெலிந்து வட்டம் தவறுவதற்கு அது பேர்போனது. சுமார் 94 சிசி ஆதாயத்துக்கு இந்தப் பாடு.

போரால் கிடைப்பது உண்மையில் சொற்பம். ஷெவர்லேயின் 350 கன அங்குல வி8 எஞ்சினைப் பாருங்கள். 101.6 மி.மீ. போரை 0.76 மி.மீ. கூட்டினால் 355 கன அங்குலம் ஆகும், அவ்வளவுதான். அதே பிளாக்கில் 88.4 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பதிலாக, ஷெவர்லேயின் 400 கன அங்குல எஞ்சினின் 95.25 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்கை (பிஸ்டன்களை இயக்கும் சுழல்தண்டை) மாட்டினால் 383 ஆகிவிடும். பழைய கிராங்கை வைத்தே செய்ய முடிந்ததால்தான் இந்த ஜோடி அவ்வளவு பிரபலமானது.

ஆனால் கிராங்கை மாற்றுவது மாட்டி முடுக்குகிற வேலை இல்லை. 400 கிராங்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி) 2.65 அங்குலம்; 350 பிளாக்குக்கு 2.45 வேண்டும். கடைந்து குறைத்தாக வேண்டும். ஸ்ட்ரோக் கூடுவதால் கனெக்டிங் ராடின் போல்ட் பிளாக்கின் அடிவிளிம்பிலும் கேம் ஷாப்டிலும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இடிக்கப் பார்க்கும். முழுதாகப் பூட்டுவதற்கு முன், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எல்லா ராடிலும் குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். உரசினால் அரைத்து எடுக்கலாம், ஆனால் அரைத்த பிறகு பிளாக்கை மறுபடி கழுவியே ஆக வேண்டும். பேலன்ஸ் விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 400 கிராங்கின் சமநிலை எடையில் ஒரு பங்கு முன்பக்க டாம்பரிலும் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்பக்க ஃப்ளைவீலிலும் இருக்கிறது. 350-இன் டாம்பரையே மாட்டிவிட்டு ஏன் அதிர்கிறது என்று தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, கணக்குப் போடாமல் பூட்டுவதுதான் எஞ்சினையே காவு வாங்கும் தவறு. ஒரு சிலிண்டர் 400 சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 50 சிசி என்றால் விகிதம் 9:1. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் 450 சிசி ஆக்கினால் அது 10:1 ஆகிவிடும். சாதாரண பெட்ரோலில் ஓட வேண்டிய பழைய எஞ்சின் அதில் நாக் அடிக்க (கலவை தானாகவே வெடித்துத் தட்ட) ஆரம்பிக்கும், பிஸ்டன் உடையும். ஹெட்டின் அறையை பியூரெட்டால் அளப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. ஹெட் கேஸ்கட்டின் தடிமனையும் பிஸ்டன் தலையின் குழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிசி கூடியதும் பெரிய கேம், பெரிய கார்புரேட்டர் என்று ஓடாதீர்கள். பழைய ஹெட்டோடு பெரிய எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். சாலைக்கு அதுதான் தேவை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மட்டும் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

அப்புறம் பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக்கூடாது. சாலை எஞ்சினுக்கு 100 மி.மீ. போருக்கு 0.4 மி.மீ. போல மேல் ரிங்குக்கு வேண்டும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனையே பிய்த்துவிடும். மெயின் கேப், ராடு கேப் எதையும் இடம் மாற்றக்கூடாது. பிரிக்கும்போதே எண் குறித்துவிடுங்கள்.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம். சிலிண்டரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கில் விழும் தூள் பெட்ரோலில் போகாது. சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளையான ஆயில் கேலரியின் மூடிகளைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விடுங்கள். காய்ந்த உடனே ஆயில் பூசாவிட்டால் மறுநாள் காலையில் துரு நிற்கும்.

கடைசியில் சாவியைத் திருப்பும்போது வரும் தவறு. தட்டை டேப்பெட் (கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் பாகம்) உள்ள பழைய எஞ்சினுக்குப் புது கேம் போட்டிருந்தால் ஐடிலில் விட்டு ரசிக்காதீர்கள். கிராங்க் வீசியடிக்கும் ஆயில்தான் கேமுக்குப் போகிறது. ஐடிலில் அது போதாது. முதலிலேயே ஆயில் பம்பைச் சுற்றிப் பிரஷர் ஏற்றிவைத்து, துத்தநாகம் கலந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு அந்த ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் படிவு கொஞ்சம் இருந்தால் பயமில்லை. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் இருந்தால், வண்டியை வெளியே எடுக்காமல் மறுபடி பிரித்துவிடுங்கள்.